தேக்குப் பெட்டிக்குள் ஒரு அந்நியன்

தாராவி, பம்பாய்
ஜூலை 1964

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஜெயினுலாப்தீன் அவர்களுக்கு, அப்துல் ரவூப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கள் தங்கை சைனப்பும் சுகம். கடையநல்லூரில் தாங்களும் எல்லோரும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கே என் மைக் செட்டுக்குத்தான் சுகமில்லை.

ஆம்ப்ளிஃபையரின் இரும்புப் பெட்டி உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டது என்று எழுதியதும், தாங்கள் மனமிரங்கித் தங்கள் மரக்கடையிலேயே தேக்கில் ஒரு பெட்டி இழைத்து ரயிலில் அனுப்பினீர்கள். பார்த்தவரெல்லாம் தடவிப் பார்த்தார்கள். ஆனால் ஆம்ப்ளிஃபையரை அதற்குள் வைத்த அன்றே ஒரு அந்நியனும் கூடக் குடிவந்துவிட்டான். நான் மைக்கில் “ஹலோ, ஹலோ” என்றால் ஒலிபெருக்கிக் குழாயில் “கொர்ர்” என்று ஒரு இரைச்சல், அதன் பின்னால் ஒருவன் இந்தியில் வெங்காய விலை சொல்கிறான். அடுத்த சந்தில் என்னைப் போலவே மைக் செட் வாடகைக்கு விடும் கரீம் பாட்சாதான் கள்ளக் கம்பி இழுத்துப் பேசுகிறான் என்று முடிவுகட்டி, அவன் வீட்டுத் தகரக் கூரையில் ஏறித் தேடினேன்.

“என்ன ரவூப் பாய், எங்க கூரையில என்ன தேடுதீரு?” என்று கீழிருந்து கேட்டான்.

“என் குழாயில பேசுற உம்ம கம்பியைத்தான்!”

“என் குழாயில பேசவே ஆளைக் காணோம், உம்ம குழாயில வந்து பேசப்போறேனாக்கும்! கூரையை ஒடச்சிராம இறங்கும்வே.”

கம்பி கிடைக்கவில்லை. கிடைக்காததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டிற்று. இந்த நிலையில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நிக்காஹ். மாப்பிள்ளை கருவாட்டு வியாபாரி. காஜியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு “சம்மதமா?” என்று கேட்கிறார், மாப்பிள்ளை வெட்கப்பட்டுத் தலைகுனிகிறான், அதற்குள் என் குழாய் கணீரென்று இந்தியில் சொல்கிறது: புயல் வருகிறதாம், மீனவர்கள் யாரும் கடலில் இறங்க வேண்டாமாம்! மாப்பிள்ளை முகத்துப் பூச்சரத்தை விலக்கி என்னைப் பார்த்தான். பெண்ணின் வாப்பா என் சட்டையைப் பிடித்துவிட்டார். “எவம்வே அவன், எம்புள்ள நிக்காஹ்ல இறங்காத இறங்காதங்கான்?” காஜியார் மைக்கை மூடிவிட்டு வெறும் வாயாலேயே நிக்காஹை முடித்து வைத்தார். பிரியாணியை நான் தலைநிமிராமல் தின்றேன்.

மறுநாள் வீட்டில் மழை ஒழுகிற்று. தேக்குப் பெட்டி நனைந்து உள்ளே தண்ணீர் இறங்குகிறதே என்று சைனப் ஆம்ப்ளிஃபையரை வெளியே எடுத்து, பெரிய மாவு டின்னை அதன்மேல் கவிழ்த்தாள். பேசிக்கொண்டிருந்தவன் பாதி வார்த்தையில் வாயை மூடினான். டின்னைத் தூக்கினால் பேசுகிறான், கவிழ்த்தால் கப்சிப். “என்ன ஓதினே?” என்று கேட்டேன். “ஒண்ணும் ஓதல. தண்ணி விழுதேன்னு மூடினேன்” என்கிறாள். இவளுக்கும் இதில் பங்குண்டோ என்று நினைத்தேன், மச்சான் மன்னிக்கணும்.

மாதுங்காவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் அனந்தநாராயணனிடம் ஓடினேன். அவர் சிரித்தார். “ஓய், ரேடியோ அலை காத்துல போயிண்டேதான் இருக்கும். இரும்புப் பெட்டி அதை உள்ள விடாது, தடுத்து எர்த்துக்கு அனுப்பிடும். மரம் தடுக்குமோ? வாங்கோன்னு உள்ள விட்டுடும். பக்கத்துல ஓடற மோட்டார் இரைச்சலும் அப்படித்தான் வரது. உம்ம ஆம்ப்ளிஃபையர் இப்ப ரேடியோ ஆயிடுத்து!”

இவ்வளவு சிரிப்பு எதற்கு என்று அவர்மேலும் எனக்கு ஒரு கண் இருக்கிறது. அது கிடக்கட்டும். தங்களை நான் சந்தேகப்படவில்லை. ஆனாலும் போன பெருநாளுக்கு நான் அங்கே வந்தபோது, “மைக்கும் கியிக்கும் வேண்டாம், ஊருக்கு வந்து என் மரக்கடையில உக்காரும்” என்றீர்களே, அதற்கும் இந்தப் பெட்டிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? ஒரு வரி எழுதவும். பெட்டியை நாளைக்கே ரயிலில் திருப்பி அனுப்புகிறேன். இனி மரத்தில் எதுவும் செய்தனுப்ப வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாம், சிறியவர்களுக்கு என் துஆ.

இப்படிக்கு,
அப்துல் ரவூப்

பி.கு: பெட்டி வராது. உறை ஒட்டப் பசை தேடி உள்ளே போனால், ஆம்ப்ளிஃபையர் மறுபடியும் தேக்குப் பெட்டிக்குள் இருக்கிறது, சந்துப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள். “ஒரு ரேடியோ வாங்கித் தாங்கன்னு எத்தனை வருஷமாக் கேட்டேன். எங்க அண்ணன் அனுப்பிட்டாரு. அதைப் போயித் திருப்பி அனுப்பணும்னு சொல்லுதீங்களே!” என்கிறாள் சைனப். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். இப்போது வாசலில் ஒரு காக்கிச்சட்டைக்காரர், ரேடியோவுக்கு வருஷா வருஷம் சர்க்காருக்குப் பணம் கட்டி எடுக்கிற லைசென்ஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். “இந்த வீட்ல ரேடியோவே கிடையாது சாகேப்” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உள்ளே செய்தி ஆரம்பித்துவிட்டது.