ஜோலாருக்கு ஒரு ரேடியோ

பெங்களூரில் நாயின் பெயரில் ரேடியோ லைசென்ஸ் கேட்ட ஒரே மனிதர் எங்கள் ரயில்வே கார்டு ஸார்தான். இன்னொருவர் இருந்ததாக யாராவது நிரூபித்தால் நான் இந்தப் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

அந்த நாளில் வீட்டில் ரேடியோ வைத்தால் தபாலாபீஸில் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். கார்டு ஸார் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"ரேடியோ யாருக்கு?" என்றார் கவுண்டரில் இருந்த குமாஸ்தா.

"வீட்ல இருக்கறவனுக்கு."

"பேரு?"

"ஜோலார்."

"அப்பா பேரு?"

கார்டு ஸார் கொஞ்சம் யோசித்தார். பிறகு தணிந்த குரலில் தன் பெயரைச் சொன்னார்.

"சரி, அவரை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"கையெழுத்து வராது ஸார். கைநாட்டுன்னா வெப்பான். வாசல்லதான் இருக்கான், கூட்டிட்டு வரட்டுமா?"

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். வாசல் கம்பத்தில் ஒரு வெள்ளை நாய் கட்டியிருந்தது. அதற்குப் பிறகு அங்கே நடந்த பேச்சுவார்த்தையை அச்சில் போட முடியாது. கடைசியில் லைசென்ஸ் மனிதன் பெயரிலேயே வந்தது. ஜோலாருக்கு அநீதி நடந்துவிட்டதாக கார்டு ஸார் ஒரு வாரம் புலம்பினார்.

அவர் கூட்ஸ் வண்டியின் கார்டு. பெங்களூருக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில், வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்துகொண்டு போவதும் வருவதுமாக ஆயுளைக் கழித்தவர். ஐம்பதுகளின் கடைசியில் நான் ஒக்கலிபுரத்தில் அவருக்குப் பக்கத்து அறைவாசி. ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடுகள், ஒரு குழாய், பின்சுவருக்கு அப்பால் ரயில் பாதை. எனக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மத்தியானம்தான் போக வேண்டும். காலையில் சும்மா இருப்பவன் என்ற பெயர் எனக்கு இப்படித்தான் வந்தது. அதன் பலனைப் பின்னால் அனுபவித்தேன்.

மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாக கார்டு ஸார் ஒண்டிக்கட்டை. ஒருநாள் ஜோலார்பேட்டை யார்டில் இந்தக் குட்டி அவருடைய பெட்டியில் ஏறிப் படுத்துக்கொண்டதாம். இறக்கிவிட மனசு வரவில்லை. ஏறின ஊரையே பெயராக வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நாய் தங்கமான நாய்தான். ஆனால் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனதும் ஊளையிட ஆரம்பிக்கும். அவர் திரும்பி வர ஒரு முழுநாள் ஆகும். அதுவரை ஓயாது. எங்கள் வீட்டு ஓனர் கன்னடக்காரர், ரிட்டயர்டு ஓவர்ஸியர். ஒருநாள் வந்து நின்றார்.

"நோடி கார்டு அவரே, நாய் கூகுறது நிக்கணும். இல்லே நீங்க வேற மனை பாத்துக்கணும்."

யாரோ ஒரு டிரைவர் சொல்லிக்கொடுத்த வைத்தியம்தான் ரேடியோ. வீட்டில் ஆள் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தால் நாய், தான் தனியாக இல்லை என்று நினைத்துக்கொள்ளுமாம். ஆச்சரியம், பலித்தது. தாழ்வான ஸ்டூலில் பெரிய மரப்பெட்டி ரேடியோ வந்து உட்கார்ந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து ஜோலார் சுருண்டு படுத்தது. ஊளை நின்றது.

அன்றிலிருந்து எங்களுக்கு சனி பிடித்தது. ரேடியோ நிலையங்கள் அப்போது நாள் முழுக்கப் பேசா. காலையில் கொஞ்சம் பேசி மூடும், மத்தியானம் திறக்கும், மறுபடி மூடும். ஆகவே ஒரு நிலையம் மூடியதும் முள்ளை இன்னொன்றுக்குத் திருப்ப ஆள் வேண்டும். கார்டு ஸார் என்னிடம் ஒரு மாற்றுச் சாவியைக் கொடுத்தார். சுவரில் ரயில்வே பாணியில் ஒரு டைம்டேபிள் ஒட்டினார்.

'காலை 9.30: பெங்களூர் லைன் மூடப்படும். முள்ளை உடனே சிலோனுக்கு மாற்றவும். கரகரப்பு இருப்பின் ஏரியலை ஆட்டவும். மத்தியானம்: மதராஸ். இங்கிலீஷ் செய்தி வேண்டாம், ஜோலாருக்குப் புரியாது. இரவு எல்லா லைனும் மூடியபின் இரைச்சலோடு விடவும். மழை என்று நினைத்துத் தூங்கிவிடும்.'

மத்தியானம் நான் அச்சகத்துக்குக் கிளம்பினால் சாவி எதிர்வீட்டு ராஜம்மாவிடம் போகும். அந்த அம்மாள் வீட்டிலிருந்தே ஊதுபத்தி உருட்டுபவள். கை நிறையக் கறுப்பு மாவோடு எழுந்து வந்து, முள்ளைத் திருப்பிவிட்டு, நாயைத் திட்டிவிட்டுப் போவாள். "எம் புருஷனுக்கே நான் இவ்ளோ வேலை செஞ்சதில்ல" என்பாள். வாய்தான் அப்படி. ஒருநாள்கூட அவள் தவறவிட்டதில்லை.

டியூட்டியிலிருந்து திரும்பும்போது கார்டு ஸாரின் வண்டி எங்கள் பின்சுவரை ஒட்டித்தான் போகும். கடைசிப் பெட்டியிலிருந்து ஜோலாருக்காக நீளமாக ஒரு விசில் ஊதுவார். ஸ்டேஷனில் கணக்கு ஒப்படைத்துவிட்டு இருபது நிமிஷத்தில் தகரப் பெட்டியோடு வந்து சேருவார். வந்ததும் விசாரணை தொடங்கும்.

"இன்னிக்கு நாகஸ்வரம் வெச்சாங்களா?"

"வெச்சாங்க ஸார்."

"ரசிச்சிருப்பான். வீணைன்னாதான் அவனுக்கு ஆகாது. ஞானஸ்தன்."

இரண்டு வருஷம் இப்படி ஓடிற்று. ஒரு மழை நாளில் ரேடியோவின் வால்வு போய்விட்டது. சிக்பேட்டைக் கடைக்காரர் பத்து நாள் தவணை சொன்னார். ஜோலார் தன் பழைய கச்சேரியைத் தொடங்கிற்று. மூன்றாம் நாள் ஓனர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாய் போக வேண்டும், அல்லது கார்டு ஸார் போக வேண்டும். இந்த முறை அவர் மரியாதைக்கு ஒரு 'அவரே' கூடச் சொல்லவில்லை.

கார்டு ஸார் சோறு தின்னவில்லை. "இவன வுட்டா எனக்கு யாருப்பா இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். நாயைச் சாந்தப்படுத்த மருந்து கிடைக்குமா என்று பார்க்க அவரும் நானும் ஜோலாருமாக மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தோம்.

டாக்டர் இளம் வயதுக்காரர், தமிழர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டைம்டேபிள், நாகஸ்வரம், வீணை எல்லாம் கேட்டார். பிறகு ஒரு தகரத் தட்டை எடுத்துக்கொண்டு ஜோலாரின் பின்னால் போய் டமால் என்று தரையில் போட்டார். நான் எம்பிக் குதித்தேன். ஜோலார் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"இதுக்குக் காது கேக்காது ஸார். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான் இருக்கும்."

"தப்பா சொல்றீங்க டாக்டர். அவன் ரேடியோ கேக்கறவன்."

"எங்க படுத்துக்கிட்டு?"

"ரேடியோவுக்குப் பின்னால."

"வால்வு செட்டா? பின்பக்கம் நல்லா சூடா இருக்குமே. அது கதகதப்புக்குப் படுத்திருக்கு ஸார். ஒரு மரப்பெட்டில பல்பு எரியவிட்டு, சுத்திக் கம்பி வலை அடிச்சுப் பக்கத்துல வைங்க. போதும்."

திரும்பும் வழியில் கார்டு ஸார் ஓரிடத்தில் நின்று, "அப்போ என் விசிலு?" என்று மட்டும் கேட்டார். ரயில் வந்தால் தரை அதிருமே, அது தெரிந்திருக்கும் என்றேன். அவர் தலையாட்டினார்.

பல்புப் பெட்டி தயாராயிற்று. ஜோலார் அதில் முதுகைச் சாய்த்துத் தூங்கிற்று. ஞாயிற்றுக்கிழமை ஓனர் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "ஆயிது, இருங்க" என்று போய்விட்டார். ரேடியோவும் ரிப்பேராகி வந்து ஊமையாக உட்கார்ந்தது. காம்பவுண்டே கொண்டாடிற்று. ராஜம்மா ஒரு கட்டு ஊதுபத்தியைச் சாமிக்கு ஏற்றினாள். ஒரு செவிட்டு நாய்க்கு நான் இரண்டு வருஷம் ஏரியல் ஆட்டியதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் குழாயடிக்குப் போனவன் பார்த்தேன். டியூட்டி முடிந்து வந்த கார்டு ஸார், பூட்டிய கதவுக்கு முன்னால் தன் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் ஸார், சாவி தொலஞ்சுபோச்சா? ராஜம்மாகிட்ட இன்னொண்ணு இருக்கு, வாங்கித் தரட்டுமா?"

"சாவி பாக்கெட்ல இருக்குப்பா."

"அப்புறம்?"

"உள்ள யாரும் பேசலையே."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"அவ போனப்புறம் இந்தப் பூட்டைத் தொறக்கறதுன்னாலே கஷ்டம். ரேடியோ வந்ததுலேர்ந்து தெருமுனைக்கு வரும்போதே வீட்ல பேச்சுக் கேக்கும். கொத்தமல்லி விலையோ என்ன எழவோ, என் வீட்ல கேக்கும். நாய்க்குத்தான்னு ஊரை நம்பவெச்சு நானும் நம்பிட்டேன்."

"உள்ள போய்ப் போட்டுக்குங்களேன் ஸார்."

"நானே போட்டா அது ரேடியோப்பா. நான் வரும்போது பேசிட்டிருந்தாத்தான் வீடு."

நானும் இருட்டறையைத் திறந்து உள்ளே போகிறவன்தான். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நேரே ராஜம்மாவிடம் போனேன். ரேடியோ நின்றதற்கு ஊதுபத்தி ஏற்றிய அதே ராஜம்மா முழுவதையும் கேட்டாள்.

"செரி, நீ சும்னே இரு. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறு டியூட்டி. பின்சுவருக்கு அப்பால் கூட்ஸ் வண்டி நீளமாகப் போயிற்று. கடைசியில் விசில். காது கேட்காத நாய்க்காக அவர் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். ராஜம்மா மாவுக் கையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்து ரேடியோவின் பித்தானைத் திருகினாள். வால்வு சூடாகிக் குரல் வர ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷமும் நாங்கள் இருவரும் ரேடியோப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். குரல் வந்ததும் சத்தத்தை முழுக்க ஏற்றி, கதவைப் பூட்டிவிட்டு, அவரவர் வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டோம்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் கார்டு ஸார் நின்றார். தகரப் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு வேகமாக நடந்து வந்தார்.

பித்தானில் ஊதுபத்தி மாவு கறுப்பாக ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்க்காமலிருந்திருக்க முடியாது. யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்தக் கறையை அவர் துடைக்கவும் இல்லை. "ஜோலாரே போட்டுக்கறான் போலருக்கு, கெட்டிக்காரன்" என்று என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் ஸார் என்றேன்.

அப்புறம் காம்பவுண்டில் எல்லோருக்குமே அது வழக்கமாகிவிட்டது. விசில் கேட்டதும் யார் கை காலியோ அவர் ஓடுவார். ஒருநாள் ஓனரே படியேறி வந்தார்.

"ஏன் ராஜம்மா, இன்னிக்கு சௌண்டு கம்மி இருக்கு? தெரு மூலைக்குக் கேக்க வேணாமா?"

பிறகு எனக்கு மதராஸில் வேலை கிடைத்து நான் வந்துவிட்டேன். எத்தனையோ வீடுகள் மாறி, பூட்டையும் நானே திறந்து, விளக்கையும் நானே போட்டுப் பழகிவிட்டது. ஆனால் இப்போதும் கூட்ஸ் வண்டி ஒன்று போய், அதன் கடைசியில் விசில் கேட்டால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். ரேடியோ சூடாக ஒரு நிமிஷம் ஆகுமே, அவர் தெருமுனைக்கு வந்துவிடுவாரே.