பள்ளத்துக்கு முதல் பரிசு

தெருக்களில் உள்ள பள்ளங்களை மூடுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அதில் இயக்குநர் உட்பட முப்பத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். மண்வெட்டி ஒன்று இருந்தது. முப்பத்தொரு பேருக்கு ஒரு மண்வெட்டி எப்படிப் போதும் என்று கேட்டு ஒருமுறை மேலிடத்துக்குக் கடிதம் போனது. இருக்கிற ஒன்றே இன்னும் தேயவில்லையே என்று பதில் வந்தது.

அந்த அலுவலகத்தில் தபால் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெண்மணிக்கு முத்திரையம்மா என்று பெயர் விழுந்து பதினாறு வருஷம் ஆகிறது. வருகிற மனுக்களில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி மாடிக்கு அனுப்புவது அவள் வேலை. மாடிக்குப் போன மனு அப்புறம் என்ன ஆகிறது என்று அவள் கேட்டதில்லை. அது தபால் பிரிவின் அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல.

ஆனால் பதினொரு மாதமாக அந்தக் கேள்வி அவளை அரித்துக்கொண்டிருந்தது. காரணம், அவளுடைய சொந்த அக்கா வீட்டு வாசற்படியை ஒட்டி ஒரு பள்ளம். வெட்டியது இதே அலுவலகம்தான். அந்தத் தெருவில் பிற்காலத்தில் பள்ளம் விழ வாய்ப்பு உண்டா என்று ஆராய்வதற்காக வெட்டிப் பார்த்தார்கள். உண்டு என்று தெரிந்ததும் குறிப்பு எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தோண்டிய மண் பக்கத்திலேயே குவியலாகக் கிடந்தது.

கதவு ஒன்றைப் படுக்கப்போட்ட அளவு, முழங்கால் ஆழம். மற்றவர்கள் தாண்டிக் குதித்துப் போனார்கள். அத்தான் எப்படிக் குதிப்பார்? அவருக்கு வலது கால் முழங்காலோடு சரி. ஊன்றுகோல் பிடித்து நடக்கிறவர். எதிர்ச்சாரியில் இருக்கும் முடிதிருத்தும் கடைக்கு நாள் தவறாமல் போய், கடைக்காரரோடு இரண்டு ஆட்டம் சதுரங்கம் ஆடிவிட்டு வருவதுதான் அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே சந்தோஷம். பள்ளம் வந்த நாளிலிருந்து அதுவும் போச்சு. ஜன்னல் வழியாகக் கத்திக் காய் நகர்த்திப் பார்த்தார்கள். முடிவெட்ட வந்தவர்களெல்லாம் எதிராளிக்கு யோசனை சொல்ல ஆரம்பித்ததால் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

“கவலைப்படாதீங்க அத்தான், நம்ம ஆபீஸ்தானே” என்று முத்திரையம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். நாலு மனு எழுதினாள். நாலிலும் தன் கையாலேயே முத்திரை குத்தினாள். பலன் இல்லை என்று சொல்லக் கூடாது. நாலு தடவையும் அளவுகாரர் வந்து பள்ளத்தை அளந்துவிட்டுப் போனார். அளவுகாரர் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரர், தங்கமான மனிதர். அளக்கச் சொன்னால் அளப்பார்; மூடுவது வேறு பிரிவு. “போன தடவைக்கு இப்ப ரெண்டு விரல் ஆழம் கூடியிருக்கும்மா. நல்லா வருது” என்பார்.

இப்படி இருக்கையில் இயக்குநர் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். பயிற்சிக்குப் போன அதிகாரி சும்மா திரும்பி வந்ததாகச் சரித்திரம் உண்டா? இவர் டிஜிட்டல் ஸ்கிராப்புக்கோடு திரும்பினார். அதாவது, ஒரு புகைப்படத்தைக் கணினியில் போட்டு, சுற்றிலும் வண்ணக் காகிதம், நாடா, பொத்தான், பூ எல்லாம் ஒட்டிவைத்த மாதிரி அலங்காரம் பண்ணி, ஓரத்தில் நாலு வரி எழுதி, ஊரே பார்க்கும்படி இணையத்தில் போடுவது. பசை வேண்டாம், கத்திரிக்கோல் வேண்டாம், வேறு வேலை மட்டும் இருக்கக் கூடாது.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது.

“ஊழியர்தம் மனவளத்தையும், பொதுமக்களுடனான உணர்வுப் பிணைப்பையும் மேம்படுத்தும் பொருட்டு, முப்பது நாள் சமூகச் சவால் இதனால் அறிவிக்கப்படுகிறது. ஊழியர் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஒரு பக்கம் வீதம் தாமாகவே முன்வந்து செய்தல் கட்டாயம். மேலும் தினமும் பிறர் பக்கங்கள் மூன்றுக்கு மனமாரப் பாராட்டுத் தெரிவித்துப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். டிஜிட்டல் பக்கங்கள் அழிந்துவிடும் தன்மையுடையன ஆதலால், ஒவ்வொன்றும் மூன்று பிரதிகள் அச்சிடப்பட்டுத் தனித்தனி அட்டைக் கோப்பில் கட்டப்பட வேண்டும். முதல் பிரதி இயக்குநருக்கு, இரண்டாம் பிரதி ஆவண அறைக்கு. மூன்றாம் பிரதியைத் தபால் பிரிவு ஈரம் படாமல் தகுந்த இடத்தில் வைக்க வேண்டும்.”

முதல் நாள் பாடம், கிழிந்த காகித ஓரம். ஆவண அறையில் எலி கிழித்த காகிதம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அது செல்லாது, கணினியில் கிழிக்க வேண்டும். இரண்டாம் நாள் பாடம், காபிக் கோப்பை வைத்த வட்டக் கறை. அலுவலகத்தில் கறை இல்லாத கோப்பு ஒன்று தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் தலைமை எழுத்தர் அரை நாள் உட்கார்ந்து, இணையத்திலிருந்து நல்ல கறையாக ஒன்று இறக்கினார். ஒன்பதாம் நாள் தலைப்பு ‘என் பணிக்கருவி’. அன்றைக்கு மண்வெட்டிக்கு ரிப்பன் கட்டிப் படம் எடுத்தார்கள். ரிப்பன் கலையக் கூடாதென்று அதை இயக்குநர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். இதனால் அலுவலக வேலை நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. நிற்பதற்கு அது முன்னால் ஓடியிருக்க வேண்டுமே.

முத்திரையம்மாவுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. “இந்த வயசுல எனக்குப் பொத்தான் ஒட்டத்தான் கொறைச்சல்” என்று முணுமுணுத்தாள். அப்புறம் ஒரு யோசனை வந்தது. மனு போட்டால் இயக்குநர் பார்ப்பதில்லை. பக்கம் போட்டால் பார்க்கிறார், பாராட்டும் எழுதுகிறார். அப்படியானால் பள்ளத்தையே பக்கமாகப் போட்டால் என்ன?

அக்கா வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்தாள். முந்தின நாள் மழையில் பள்ளம் நிறையத் தண்ணீர். அதில் வானம் தெரிந்தது. அளவுகாரர் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

“பொத்தானுக்குக் கீழே நிழல் விடுங்கம்மா. நிழல் இல்லேன்னா ஒட்டின மாதிரியே இருக்காது.”

“நிஜத்துல ஒட்டலியே சார்.”

“அதனாலதான் நிழல் வேணுங்கறேன்.”

மூன்று பொத்தான், ஒரு நீல நாடா, ஓரத்தில் கிழிந்த காகிதம். கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்: ‘இந்தப் பள்ளத்துக்கு வயது பதினொரு மாதம். இதனால் என் அத்தான் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். தயவுசெய்து மூடுங்கள்.’ கடைசிப் பொத்தானின் நிழல் சரியாக விழுந்தபோது மனசுக்குள் சின்னதாக ஒரு குஷி எட்டிப் பார்த்தது. அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பாராட்டுகள் குவிந்தன. ‘என்ன ஆழம்’ என்றார் தலைமை எழுத்தர். ‘சோகம் சொட்டுகிறது, நீல நாடா பிரமாதம்’ என்றது கணக்குப் பிரிவு. இயக்குநரே கைப்பட எழுதினார்: ‘உள்ளத்தை உருக்கும் பக்கம். எழுத்து மட்டும் சற்றுப் பெரிது. வாசகம் படத்திலிருந்து கவனத்தைத் திருப்புகிறது.’

பள்ளத்தை மூட ஒருவரும் வரவில்லை. ஆனால் முத்திரையம்மா அன்றைக்குச் சாப்பிடும்போது மூன்று தடவை செல்போனை எடுத்து எத்தனை இதயம் விழுந்திருக்கிறது என்று பார்த்தாள். அடுத்த நாளும் படம் எடுக்கப் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். “ஏண்டி, பள்ளத்தை மூட வழி பண்றியா, இல்ல அதுக்குக் கல்யாணப் படம் எடுக்கறியா?”

“எல்லாம் அத்தானுக்காகத்தான்கா.”

“அப்ப எதுக்குடி அவரைக் கொஞ்சம் உள்ளே போகச் சொன்னே?”

இதற்குள் காய்ச்சல் பொதுமக்களையும் பிடித்துக்கொண்டது. வெறும் மனு கொடுத்தால் மாடியிலிருந்து ‘நிழல் இல்லை’ என்று திரும்பி வந்தது. ஜனங்கள் சண்டை போடுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள். சாக்கடை மனுவில் பட்டாம்பூச்சி பறந்தது. தெருவிளக்கு மனுவில் ரோஜா பூத்தது. ஒரு தையல்காரர் முத்திரையம்மாவிடம் வந்து சொன்னார்: “குழாய் உடைஞ்சு ஆறு மாசமாச்சு. அது கெடக்கட்டும்மா. இந்த ஓரம் எப்படி இருக்கு சொல்லுங்க, நானே கிழிச்சேன்.”

முப்பதாம் நாள் முதல் பரிசு அறிவித்தார்கள். பள்ளத்துக்குத்தான். முத்திரையம்மா மேடையேறிச் சான்றிதழை வாங்கினாள். வாங்கிய கையோடு, இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று கேட்டேவிட்டாள்.

“சார், அந்தப் பள்ளத்தை மூடிடலாமா?”

“எந்தப் பள்ளம்?”

“இப்பப் பரிசு குடுத்தீங்களே, அதான் சார்.”

இயக்குநர் ஆடிப்போய்விட்டார். “என்னம்மா பேசறீங்க? அது பரிசு வாங்கின பள்ளம். மூடிட்டா உங்க பக்கம் பொய்யாயிடுமே. பொய்யான பக்கத்துக்குப் பரிசு குடுத்தேன்னு நாளைக்கு என் மேலதானே விசாரணை வரும்?”

முத்திரையம்மா சான்றிதழோடு மேடையை விட்டு இறங்கினாள். தன் மேசைக்குத் திரும்பினால் உட்கார இடமில்லை. முப்பத்தொரு பேர், முப்பது நாள். மூன்றாம் பிரதி மட்டும் தொள்ளாயிரத்து முப்பது கோப்பு. ஆளுக்கொரு கட்டாகக் கட்டி, நாற்காலி வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். இயக்குநரைப் பார்க்க மாடியேறினாள்.

“சார், தகுந்த இடம்னா எந்த இடம்?”

“அதைத் தபால் பிரிவே முடிவு பண்ணலாம். உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கு” என்றார் இயக்குநர், தலை நிமிராமல்.

பதினாறு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் அதிகாரம் அது. கீழே இறங்கி வந்து, அந்தக் கட்டுகளின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தாள்.

மறுநாள் காலையில் அலுவலக வண்டி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றது. பள்ளத்துத் தண்ணீரை அக்கா வாளியால் இறைத்தாள். கட்டுகளை ஈரம் படாமல் தடித்த பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சுற்றறிக்கையில் சொன்னது சொன்னபடி, ஒவ்வொன்றாக முத்திரையம்மா உள்ளே இறக்கினாள். தன் கட்டை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள். இயக்குநரின் கட்டை, பதவிக்கு உரிய மரியாதையோடு மேலே வைத்தாள். அதன்மேல் பலகை போட்டு, குவியலில் கிடந்த மண்ணைக் குப்பை அள்ளும் தகட்டால் அள்ளிப் போட்டு மிதித்தார்கள். அளவுகாரர் வந்து அளந்தார். “ஆழம் பூஜ்யம்” என்று வாய்விட்டுப் படித்தவர், தன் சர்வீஸில் இந்த எண்ணை எழுதியதே இல்லை என்று கண் கலங்கினார்.

அத்தான் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். ஊன்றுகோலை முதலில் மண்மேல் அழுத்திப் பார்த்தார். தாங்கியது. ஒரு அடி, இரண்டு அடி. எதிர்ச்சாரியில் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சதுரங்கப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தான் கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் முத்திரையம்மாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. படம் எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு அலுவலகம் போனாள். இயக்குநர் மேலிடத்துக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தார். சவாலின் வெற்றியை மேலிடம் மெச்சியிருந்தது. மூன்றாம் பிரதிகள் முழுவதையும் பார்வைக்கு உடனே அனுப்பும்படி கேட்டிருந்தது.

“எங்கேம்மா வெச்சிருக்கீங்க?”

“பள்ளத்துல சார்.”

“எந்தப் பள்ளம்?”

“முதல் பரிசுப் பள்ளம்.”

அப்புறம் நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். மனு இல்லை, கோப்பு இல்லை, குறிப்பு இல்லை. பூட்டைத் திறந்து மண்வெட்டியை எடுத்தார்கள். ரிப்பனை அவிழ்க்கக்கூட நேரம் இல்லை. முப்பத்தொரு பேரும் தெருவில் இறங்கினார்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் பலகை ஒரு பக்கம், மண் ஒரு பக்கம், கட்டுகள் வண்டியில். பள்ளம் முன்பைவிட ஒரு சாண் ஆழமாக, விளிம்பெல்லாம் நேராக, அழகாக இருந்தது. கட்டுகளை எண்ணிச் சரிபார்த்து, ‘பெறப்பட்டது’ என்று முத்திரையம்மாவே முத்திரை குத்த வேண்டியிருந்தது.

“சார், இதை மறுபடி மூடணுமே” என்றாள் அவள்.

“ஒரு மனு குடுங்க” என்றார் இயக்குநர், வண்டியில் ஏறிக்கொண்டே. “நல்ல நிழலோட குடுங்க. அப்புறம், இன்னிக்கு ரெண்டாவது சவால் ஆரம்பம். முதல் நாள் தலைப்பு ‘காத்திருப்பு’. மறந்துடாதீங்க.”

வண்டி போன பிறகுதான் எல்லோருக்கும் அந்த விஷயம் உறைத்தது. இரண்டாவது ஆட்டத்தை முடித்துக்கொண்டு, ஊன்றுகோலோடு அத்தான் தெருவைக் கடந்து வந்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் வீடு. வாசற்படியில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா இது? வெளியே வரத்தான் முடியலேன்னு இருந்தேன். இப்ப உள்ளே எப்படிப் போறது?” என்று கேட்டார் அத்தான். “எப்ப மூடுவாங்களாம்?”

முத்திரையம்மாவுக்கு நெஞ்சு பதறியது. நிஜமாகவே பதறியது. பக்கத்து வீட்டுக்காரர்களும் தையல்காரரும் வந்து பள்ளத்தைச் சுற்றி நின்று, ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள். கொட்டிக்கொண்டே எல்லோரும் செல்போனை எடுத்தார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்னுடையதை எடுத்தாள், ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

“அத்தான், கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்க. கம்பத்து நிழல் உங்க முகத்துல விழுது.”

அத்தான் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு கடைப் பக்கம் திரும்பி, சீப்பைக் கொண்டுவரச் சொன்னார்.