மேல் பெஞ்சில் ஒரு பேரிங்

இந்த வருடம் என் முதுகை யாருக்கும் கொடுப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கே, உறைந்த ஏரி நடுவில் என் பனிவண்டி நின்றுபோனது.

முதுகைக் கேட்பவள் என் மச்சினி ஐலா. ரோவனியெமி நகரத்தில் பிசியோதெரபிஸ்ட், முதுகு பிடித்துவிடுவதுதான் வேலை. பிப்ரவரி வந்தால் அக்கா வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்குவாள். அந்த மூன்று நாளும் நான் தரையில் கிடப்பேன். போன வருடம் என் முதுகில் எதைத் தேடினாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அது கிடைத்துவிட்ட மாதிரிதான் எனக்கு வலித்தது.

சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வருகிறாள். அதற்குள் அக்கரையில் இருக்கும் என் மீன்பிடிக் குடிசைக்கு ஓடிவிட வேண்டும். இருபது கிலோமீட்டர் பனி. வண்டி இருந்தால் அரை மணி நேரம். வண்டி இல்லாவிட்டால் தரைதான்.

வீட்டுக்கு இழுத்து வந்து பிரித்துப் பார்த்தேன். அடியில் ஓடும் ரப்பர் பட்டையைச் சுற்றுகிற ஷாஃப்டின் பேரிங் நொறுங்கிப்போயிருந்தது. பாவம், மூன்று வாரமாகக் கத்திக்கொண்டுதான் இருந்தது. நான் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்த வண்டிக்கு நான் செய்த பராமரிப்பு அவ்வளவுதான்.

"ஆர்வி, இதை மெக்கானிக் ஒன்னி கடைக்குக் கொண்டுபோயேன்," என்றாள் என் மனைவி ஹில்க்கா.

"ஒன்னி பத்து நாள் இழுப்பான். நானே மாட்டிடறேன்."

"அப்படி என்ன அவசரம்?"

"குடிசைக் கூரைல பனி ஏறிக் கெடக்கும். தள்ளணும்."

"போன வாரம்தானே தள்ளின?"

"மறுபடி பெய்ஞ்சுதே."

"எங்க பெய்ஞ்சுது?"

"அக்கரைல."

"ம்," என்றாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆகிறது. அந்த 'ம்'முக்கு எனக்கு இன்னும் அர்த்தம் பிடிபடவில்லை.

சனிக்கிழமை மதியம் புது பேரிங் கையில் இருந்தது. ஷாஃப்டில் அது இறுக்கமாகத்தான் உட்காரும். சுத்தியலால் அடித்தால் செத்துவிடும். பேரிங்கைச் சூடாக்கினால் கொஞ்சம் விரியும். ஷாஃப்டைக் குளிர வைத்தால் கொஞ்சம் சுருங்கும். அப்போது ஒரே மூச்சில் இறக்கிவிடலாம். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. சனிக்கிழமை குளியல் நாள் என்பதால் நீராவிக் குளியலறையான சவுனாவில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மேல் பெஞ்சில் நூறு டிகிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. உலகத்திலேயே பெரிய மெக்கானிக் ஷாப் என் கொல்லையில் இருக்கிறது என்று பெருமையாக இருந்தது.

பேரிங்கை, அதோடு வந்த ரப்பர் வளையத்தோடு, ஒரு துண்டை விரித்து விருந்தாளி மாதிரி மேல் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஷாஃப்டைப் பின்பக்கப் பனியில் செருகினேன். ஒரு மணி நேரம் ஆகும். பக்கத்து வீட்டுக்குக் காபி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து, கையுறையோடு ஷாஃப்டை உருவிக் கட்டிக்கொண்டு சவுனா வாசலுக்கு ஓடினால், ஆணியில் இரண்டு பெண்கள் துண்டு தொங்குகிறது. உள்ளே சிரிப்புச் சத்தம்.

"ஹில்க்கா, உள்ள யாரு?"

"நானும் ஐலாவும். மத்தியான பஸ்லயே வந்துட்டா."

"அத்தான், சௌக்கியமா?" என்றது கதவு. "முதுகு எப்படி இருக்கு?"

எனக்கு மைனஸ் இருபத்தெட்டிலும் வேர்த்தது. பெண்கள் முறை நடக்கும்போது சவுனாக் கதவைத் திறந்தவன் எங்கள் ஊரில் அப்புறம் பெயர் மாற்றிக்கொண்டுதான் வாழ வேண்டும்.

"மேல் பெஞ்சில பேரிங் இருக்கு," என்றேன்.

"பாத்தோம். நகரவே மாட்டேங்குது. நாங்கதான் தள்ளி உக்காந்திருக்கோம்."

உள்ளே அடுப்பின் சூடான கல் மேல் தண்ணீர் ஊற்றும் சீற்றம் கேட்டது.

"அது மேல ஆவி படாம ஊத்துடி," என்று கத்தினேன்.

"அதுக்குத் தனியா ஒரு முறை வெச்சிடலாமா?"

"நீங்க எப்ப வெளிய வருவீங்க?"

"இப்பத்தானே வந்தோம். ரெண்டு மணி நேரம் ஆகும்."

அதற்குள் அடுப்பு அணைந்துவிடும், பேரிங்கும் ஆறிவிடும். ஐலா மட்டும் என்னை விட மாட்டாள். அழாத குறையாகப் பேரிங்கின் நிலைமையைச் சொன்னேன்.

"இவ்ளோதானே? ஷாஃப்டை நீட்டு, நான் மாட்டறேன்," என்றாள் ஹில்க்கா.

"இது நுட்பமான வேலை. பாதியில நின்னா போச்சு."

"நம்ம வீட்ல ஜாம் பாட்டில் மூடியை யாரு தொறக்கறா?"

ஷாஃப்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு. நான் மாட்டினா வண்டில முதல் சவாரி எனக்கு. சரியா?"

"சரி, போயிட்டு வா."

"ஐலா, நீ சாட்சி."

கதவு ஒரு சாண் திறந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷாஃப்டை நீட்டினேன்.

"ஆர்வி, இங்க பக்கத்துல ஒரு ரப்பர் வளையம் இருக்கே. இது பேரிங்குக்கு முன்னாடி போகணுமா, பின்னாடியா?"

முன்னால்தான் போக வேண்டும். மறந்தால் பேரிங்கை வெட்டித்தான் எடுக்க வேண்டும். நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

"அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். முன்னாடி."

'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டது. கதவிடுக்கு வழியாக ஷாஃப்ட் திரும்பி வந்தது, குளிப்பாட்டிய குழந்தையாக.

ஐலா பயணக் களைப்பில் சீக்கிரம் தூங்கிவிட்டாள். ஞாயிறு விடியலில் எழுந்து செயினையும் பட்டையையும் மாட்டி எண்ணெய் ஊற்றினேன். ஒன்பது மணிக்கு வண்டி பூனை மாதிரி உறுமியது. ஹில்க்கா ஒரு வட்டம் போட்டுவிட்டு வருவாள், அடுத்து நான் அக்கரையில் இருப்பேன்.

ஹில்க்கா வந்தாள். முதுகில் பை, கையில் ஃபிளாஸ்க், கக்கத்தில் என் தூண்டில்.

"எங்க?"

"குடிசைக்கு. கூரைல பனி தள்ளணும்னியே. புதன்கிழமை வந்துடறேன்."

"ஹில்க்கா, உன் தங்கச்சி உன்னைப் பார்க்கத்தானே வந்திருக்கா."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

"உனக்கு மட்டும்தான் முதுகு இருக்கா? போன வருஷம் நீ தூங்கினப்புறம் அவ யாரைப் பிடிச்சான்னு நினைக்கற?"

வண்டி கிளம்பியது. பேரிங்கில் ஒரு முனகல்கூட இல்லை. ஏரியில் அவள் புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் வீட்டுக் கதவு திறந்தது.

"அத்தான், பாய் விரிச்சாச்சு. வந்து குப்புறப் படுங்க."