ஒரு துவக்கு மேல்தட்டிலிருந்து இறங்கிய வரலாறு

உலகத்திலேயே பாதுகாப்பான நாடு டென்மார்க் என்று எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்ல நான் தயார். அதற்குக் காரணம் இந்த நாட்டுப் பொலிசும் அல்ல, படையும் அல்ல. ஹ்விடோவ்ரேயில் என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால், டயர்க் கடைக்கும் நாய்களுக்கு முடிவெட்டும் கடைக்கும் நடுவே வேட்டைத் துப்பாக்கிகள் விற்கும் ஒரு துவக்குக் கடை இருக்கிறது. அதன் உரிமையாளர் பிளெமிங் அவர்கள்தான் காரணம். அந்த மகானின் அலுமாரிக்குள் ஒரு துவக்குப் போய்விட்டால், அது வெளியே வந்து யாருக்காவது தீங்கு செய்துவிடும் என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. வெளியே வருவதே அபூர்வம்.

இதை அவர் பூட்டால் சாதிக்கவில்லை; ‘கெபூர்’ என்ற ஒன்றால் சாதிக்கிறார். கட்டணத்துக்கு டெனிஷ் மொழியில் அதுதான் பெயர். நான் வந்த புதிதில், கெபூர் என்றால் நல்லூர், கரவெட்டி போல ஏதோ ஓர் ஊர் என்று நினைத்திருந்தேன். நினைத்ததில் பெரிய பிழையில்லை. இந்த நாட்டில் எங்கே போவதானாலும் அந்த ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

எங்கள் இரத்தினசிங்கத்துக்கு நடந்ததைச் சொன்னால் பிளெமிங் மீது உங்களுக்கும் பக்தி உண்டாகும்.

இரத்தினசிங்கம் என்னைவிட இளையவன். கதவுப்பிடி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து இளைப்பாறியவன். அங்கே அவனுக்கு மேலாளாக இருந்த கெல் என்ற டெனிஷ்காரர் வேட்டைப் பிரியர். அவர்தான் இவனைத் தங்கள் வேட்டைச் சங்கத்தில் ‘கிளாப்பர்’ ஆக்கினார். கிளாப்பர் என்பவர் ஒரு தடியுடன் முள்ளுப் பற்றைக்குள் இறங்கி, மரங்களைத் தட்டிக் கூச்சல் போட்டு, ஃபசான் என்னும் காட்டுக்கோழிகளை எழுப்பிவிட வேண்டும். பற்றைக்கு வெளியே வரிசையில் நிற்கும் கனவான்கள் அவற்றைச் சுடுவார்கள். சங்கத்தில் அது மிகக் கௌரவமான பதவி என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படிச் சொல்லும் எவரும் அந்தப் பதவிக்கு விண்ணப்பிப்பதில்லை.

இரத்தினசிங்கம் அங்கே தமிழில்தான் கூச்சல் போட்டான். டெனிஷ் மொழிக்கு அசையாத கோழிகள் தமிழுக்கு எழும்பின என்பது கெல்லின் வாக்குமூலம். அதனாலேயே அவன் பல வருடமாகப் பற்றையை விட்டு வெளியே வர முடியவில்லை. இவ்வளவு திறமைசாலிக்கு யார் பதவி உயர்வு கொடுப்பார்கள்?

ஆனாலும் அவனுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. ஒரு முறையாவது தடியில்லாமல், துவக்கோடு, அந்த வரிசையில் நிற்கவேண்டும். படித்தான், வேட்டைப் பரீட்சையில் மூன்றாம் முறை சித்தியடைந்தான். இதற்கிடையில் கெல்லின் கால்கள் இரண்டும் இளைப்பாறிவிட்டன. அவர் வீட்டை விட்டு முதியோர் இல்லத்துக்குப் போனபோது, தம் பழைய துவக்கைப் பிளெமிங்கிடம் ஒப்படைத்துவிட்டு இரத்தினசிங்கத்தைக் கூப்பிட்டார்.

“அது இனி உன்னுடையது. நவம்பர் வேட்டைக்கு என்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுவருவார்கள். நீ வரிசையில் நிற்பதை நான் பார்க்கவேண்டும்.”

அடுத்த வருட வேட்டையைப் பற்றி அவர் பேசவில்லை. இவனும் கேட்கவில்லை.

பொலிஸ் அனுமதி கேட்டவுடன் வந்துவிட்டது. டென்மார்க் அரசுக்கு இரத்தினசிங்கத்தின் மேல் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. பிளெமிங் மட்டும்தான் மிச்சம். சனிக்கிழமை வேட்டை, அதற்கு முந்திய திங்கட்கிழமை துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனான்.

“கெல் எனக்குச் சும்மா தந்த துவக்கு,” என்றான் இரத்தினசிங்கம்.

“சும்மா தருவது கெல்லின் வேலை. மாற்றுவது என் வேலை,” என்றார் பிளெமிங். “நான் சும்மா இல்லை.”

பிறகு ஓர் ஆசிரியரின் பொறுமையோடு விளக்கினார். துவக்கை முதலில் கெல்லின் பெயரிலிருந்து கழற்றவேண்டும். அதற்கு ஒரு கெபூர். பிறகு கடையின் பெயரில் ஏற்றவேண்டும். அதற்கு ஒன்று.

“ஏன் கடையின்ரை பேரிலை? நேரா என்ரை பேருக்கு மாத்தலாம்தானே?”

“இடையில் அது யாருடையது? ஒரு துவக்கு ஒரு கணமாவது அநாதையாக இருக்கலாமா?”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அநாதைகள் மீது இவ்வளவு இரக்கம் உள்ள வியாபாரியை நான் கண்டதில்லை. அதன்பின் கடையின் பெயரிலிருந்து இரத்தினசிங்கத்தின் பெயருக்கு மாற்ற வேறொன்று. துவக்கில் வெட்டியிருக்கும் எண்ணை வாசிக்க ஒன்று. அதையே திரும்பவும் வாசிக்க இன்னொன்று.

“ஏன் ரெண்டு தரம் வாசிக்கிறியள்?”

“முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் இடையில் எண் மாறியிருந்தால்?”

கடைசியாகத் தட்டு. ஒப்படைத்த துவக்குகள் மேல்தட்டில் இருக்கும். கொண்டுபோகும் துவக்குகள் கீழ்த்தட்டில் இருக்கவேண்டும். மேலிருந்து கீழே இறக்குவதற்குத் தனிக் கெபூர்.

“நான் இறக்கிறன்,” என்றான் இரத்தினசிங்கம்.

“உங்களுக்கு அதிகாரம் இல்லை.”

“அப்ப ஏணியை வைச்சு நீங்கள் இறக்குங்கோ.”

“ஏணி தேவையில்லை. நான் உயரமான ஆள்.”

“பிறகேன் காசு?”

“உயரம் எனக்குச் சும்மா கிடைத்ததா?”

நான் பகிடியாக, “கையெழுத்து வைக்கிற பேனைக்கும் காசு உண்டோ?” என்று கேட்டுவிட்டேன். பிளெமிங் மேசையிலிருந்த பேனையை முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். இரத்தினசிங்கம் என் முழங்கையில் கிள்ளினான்.

“அண்ணை, உங்களைக் கும்பிட்டன், வாயை மூடிக்கொண்டு இருங்கோ. ஆளுக்கு யோசனை குடுக்காதையுங்கோ!”

எல்லாவற்றுக்கும் இரத்தினசிங்கம் ஒத்துக்கொண்டான். சனிக்கிழமை அவன் வரிசையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். புறப்படும்போது பிளெமிங் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். துவக்குக் கைமாற்றம் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். பிற்பகல் மூன்று மணி தொடக்கம் நாலரை வரை.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும், இரத்தினசிங்கத்தின் மனைவி தவமணி தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரோ? செவ்வாய்க்கிழமை மூண்டு துவக்கம் நாலரை ராகுகாலம்!”

பஞ்சாங்கம் அறிந்த யாரும் இதை மறுக்க முடியாது. வாரம் முழுவதும் கிடந்த நேரத்தை எல்லாம் விட்டுவிட்டு, பிளெமிங் அவர்கள் அச்சொட்டாக ராகுகாலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“நாளைக்கு விட்டால் அடுத்த செவ்வாய்தான் தவம். சனிக்கிழமை வேட்டை முடிஞ்சு போயிடும். கெல் வாறார்,” என்றான் இரத்தினசிங்கம்.

“வரட்டுமன். ஆர் வேண்டாம் எண்டது? ஆனா ராகுகாலத்திலை ஒரு சுளகுகூட வாங்கமாட்டன். நீங்கள் துவக்கெல்லோ வாங்கப் போறியள்!”

நான் சமாதானம் செய்யப் பார்த்தேன். “பிள்ளை, ராகுகாலம் சூரியனைப் பாத்துக் கணிக்கிறது. இஞ்சை நவம்பரிலை நாலு மணிக்கே பொழுது பட்டிடும். அந்தக் கணக்கிலை பாத்தா ராகு மூண்டு மணிக்கு முன்னமே போயிடுவார்.”

“சூரியனே வராத நாட்டிலை என்ன அண்ணை சூரியக் கணக்கு?” தவமணி சுவரைக் காட்டினாள். புரொண்பித் தமிழ்க் கடையில் அரிசி மூட்டையோடு இலவசமாகக் கொடுத்த கலண்டர் அங்கே தொங்கியது. “மூண்டு துவக்கம் நாலரை. அச்சடிச்சுக் கிடக்கு.”

அச்சடித்ததோடு வாதாடும் வழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லை. பிளெமிங்கும் அச்சடித்துத்தான் வைத்திருந்தார். ஆகவே மறுநாள் அந்த இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதின.

தவமணியும் கூடவே வந்தாள். அவள் முதியோர் பராமரிப்பில் வேலை செய்பவள். அவளுடைய டெனிஷ் எங்கள் இருவருடையதையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது.

“கையெழுத்தெல்லாம் வைக்கிறம். ஆனா துவக்கை நாலரைக்குப் பிறகு குடுங்கோ. ஒரு நிமிஷம் பிந்தினாக் காணும்,” என்றாள்.

“நாலரைக்கு மூடிவிடுவேன். ஏன்?”

இந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். நானாவது குறுக்கே விழுந்திருக்கலாம். ஆனால் தன் சமயத்தைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் கேட்டால் விளக்கம் சொல்லாமல் விடும் தமிழர் இன்னும் பிறக்கவில்லை. தவமணி ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். அமுதம், வெட்டுப்பட்ட தலை, சூரியனை விழுங்கப் பார்க்கும் பாம்பு எல்லாம் வந்தன. பிளெமிங் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்த நேரத்தில் யாரும் எதையும் வாங்கமாட்டார்களா?”

“விசர் பிடிச்சவைதான் வாங்குவினம்.”

“செவ்வாய்க்கிழமையில் மட்டுமா?”

“இல்லை, இல்லை. ஒவ்வொரு நாளும் ஒண்டரை மணித்தியாலம் வரும். நேரம் மட்டும் மாறும்.”

“ஒவ்வொரு நாளும்!” பிளெமிங்கின் கண்கள் கலங்கியதை நான் கண்டேன். பெரிய உண்மையொன்றைத் தரிசித்த மனிதரின் முகம் அப்படித்தான் இருக்கும். அவர் ஒரு தாளை எடுத்தார். “அதன் பெயரை எப்படி எழுதுவது?”

தவமணி எழுத்துக் கூட்டிச் சொன்னாள். இரத்தினசிங்கம் என்னைப் பார்த்தான். எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

கடை அன்று நாலரைக்கு மூடவில்லை. நாலு முப்பத்தொன்றுக்குத் துவக்கு மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கி, கீழ்த்தட்டிலிருந்து இரத்தினசிங்கத்தின் கைக்கு வந்தது. பற்றுச்சீட்டின் கடைசி வரியில் மை காயாமல் இருந்தது: ‘ராகு-கெபூர்’.

“பாத்தியளே,” என்றாள் தவமணி வெளியே வந்து. “வெள்ளைக்காரன் எண்டாலும் எங்கடை நம்பிக்கைக்கு மரியாதை குடுக்கிறான்.”

கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தம்புதிய துவக்கு ஒன்று இருந்ததையும், இலவசமாக வந்த பழைய துவக்கை விட அது மலிவு என்பதையும் நான் சொல்லவில்லை. மரியாதைக்கு நடுவே கணக்குப் பேசுவது அழகல்ல.

சனிக்கிழமை காலை வயல் முழுவதும் பனிப்புகார். வரிசையில் ஒவ்வொருவராக நின்றார்கள். இரத்தினசிங்கம் புதுத் தொப்பியோடு தன் இடத்தில் விறைத்து நின்றான். அவனுக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் கம்பளியால் சுற்றிய கெல். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான். கிளாப்பருக்கு ஆள் போதவில்லை என்று சங்கம் தவித்தபோது தவமணி தானாகவே தடியை வாங்கிக்கொண்டு பற்றைக்குள் இறங்கியிருந்தாள்.

பக்கத்து இடத்தில் நின்ற பென்ட் என்ற பருத்த டெனிஷ்காரர் இரத்தினசிங்கத்திடம் கதை கொடுத்தார்.

“பிளெமிங்கிடமா எடுத்தாய்? நானும் வியாழக்கிழமை அங்கேதான் எடுத்தேன். இப்போது எல்லா நாளும் கைமாற்றம் செய்கிறார். நல்ல சேவை.”

“ராகு கட்டினியளோ?” என்று கேட்டான் இரத்தினசிங்கம் மெதுவாக.

“கட்டாமல்? ராகு எல்லாருக்கும் உண்டு. அது ஏதோ ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டம்.”

நான் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். எங்கள் கலாசாரச் சங்கம் எத்தனை பொங்கல் விழா வைத்தது! எத்தனை மேயர்களுக்கு மாலை போட்டது! எங்கள் பண்பாடு ஒரு டெனிஷ் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. பிளெமிங் அவர்கள் அதை ஒற்றை வரியில் நுழைத்துவிட்டார்.

அப்போது பற்றைக்குள்ளிருந்து தவமணியின் குரல் கிளம்பியது.

“எழும்புங்கோ! விடிஞ்சு எவ்வளவு நேரம்! இன்னும் என்ன படுக்கை?”

அந்தக் குரலை வீட்டில் கேட்டுப் பழகிய இரத்தினசிங்கமே ஓரடி பின்வாங்கினான். கோழிகள் கூட்டமாக எழும்பின. கொழுத்த சேவல் ஒன்று நேராக அவன் தலைக்கு மேலே வந்தது. அவன் துவக்கைத் தோளில் வைத்தான். கெல் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, “இப்போது!” என்றார்.

சேவல் அவசரமில்லாமல் ஆறுதலாகப் பறந்து போனது. இரத்தினசிங்கம் துவக்கைத் தாழ்த்தினான்.

“ஏன்ரா சுடேல்லை?” என்று கத்தினேன்.

“சுட்டா அது என்ரை பேருக்கு மாறிடுமெல்லோ அண்ணை! அதுக்கு உவன் பிளெமிங் என்னென்ன கெபூர் எடுப்பானோ, ஆருக்குத் தெரியும்?”

கெல்லுக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்தும் நிற்கவில்லை. கண்ணீர் வழியச் சிரித்தார். பிறகு இரத்தினசிங்கத்தைக் கிட்ட அழைத்து, அவனுடைய தொப்பியை நேராக்கிவிட்டு, “அடுத்ததைச் சுடு. அதற்கு நான் கட்டுகிறேன்,” என்றார். அவன் சுடவில்லை. வேட்டை முடியும் வரை வரிசையில் அப்படியே நின்றான். கெல்லும் பார்த்துக்கொண்டே இருந்தார். இருவருக்கும் வேண்டியது அவ்வளவுதான்.

ஆகவே பிளெமிங் அவர்களை நான் இன்றும் புகழ்கிறேன். துவக்கைக் காட்டிக் காசு பறிப்பவனைப் பிடிக்க இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. துவக்கைக் காட்டாமல், அலுமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு பறிப்பவருக்கு, விலைப்பட்டியல் இருக்கிறது.