மஞ்சள் சீலையைத் தேடிய மாப்பிள்ளை

சனநெரிசலில் கட்டின மனிசியைத் தொலைத்தவர்கள் பலர் இருக்கலாம். எதிரே நின்ற மனிசியிடமே போய், என் மனிசியைக் கண்டீர்களா என்று கேட்ட விசரன் நான் ஒருவன்தான்.

கலியாணமாகி ஆறாம் நாள், மாமா வீட்டாருடன் தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்குப் போனோம். என் மனைவி வசந்தியும் அவளுடைய மூன்று தங்கைகளும் ஒரே மாதிரி மஞ்சள் சீலை. பிள்ளைகளைச் சனத்துக்குள் விட்டுவிடவேண்டாம் என்று மாமா என்னிடம் சொன்னார். நானும் பெரிய ஆள்போலத் தலையாட்டினேன்.

வேலை சுகமாகத்தான் தெரிந்தது. ஒரே நிறத்தில் நான்கு பேர் சேர்ந்து நின்றால் கண் அவர்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரே மஞ்சள் கும்பலாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். (முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு அப்போது துணிவும் இல்லை. புது மாப்பிள்ளை வெட்கம்.) அன்னதானத்தில் சாம்பார் கொட்டுண்டதால், அம்மாவின் பையிலிருக்கும் நீலச் சீலையை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று வசந்தி என்னிடம் சொன்னாளாம். நானும் ஓம் என்றேனாம். என் கவனமெல்லாம் மஞ்சளில்.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால், காப்புக் கடையடியில் மூன்று மஞ்சள்தான் நிற்கிறது. மச்சாள்மாரிடம் கேட்டால் மானம் போய்விடும். கோயிலைச் சுற்றி ஓடினேன். மஞ்சள் தெரிந்த பக்கமெல்லாம் பாய்ந்தேன். (அதிலொன்று குடை.) ஆற்றங்கரைவரை போய்ப் பார்த்தேன். ஆறு நாளில் அவளுடன் நான்கு வார்த்தைகூடக் கதைக்கவில்லை. என்னைப் பிடிக்காமல் போய்விட்டாளோ என்று அழுகையே வந்தது.

திரும்பி வரும்போது நீலச் சீலைக்காரி ஒருத்தி வழியில் நின்றாள். அவளுடைய தோளுக்கு மேலால் சனத்தைத் துழாவிக்கொண்டே கேட்டேன்.

"தங்கச்சி, மஞ்சள் சீலையோடை ஒரு பிள்ளையைக் கண்டனீங்களோ?"

"உங்களுக்கு ஆர் அவ?"

"என்ரை மனிசி."

"முகம் எப்பிடி இருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். சீலைதான் ஞாபகம் வந்தது.

"தெரியேல்லை. ஆனா அவ இல்லாமல் நான் வீட்டை போகமாட்டன்."

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். வசந்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று மஞ்சளும் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றன.

அன்றிலிருந்து மச்சாள்மார் என்னை அத்தான் என்று கூப்பிடுவதில்லை. அக்காவைத் தங்கச்சி என்றவர் எங்களுக்கு அண்ணை என்று முடிவுகட்டிவிட்டார்கள். கோபம் வந்தால் வசந்தியும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனால் சந்நிதிக்குப் புறப்படும் நாளில் மட்டும் வாசலில் என் முன்னால் வந்து நிற்பாள்.

"வடிவாப் பாருங்கோ. இதுதான் முகம்."

வான்காரர் ஹோர்ன் அடிக்கும்வரை பார்ப்பேன்.