மாமனாரின் மோரிஸுக்கு மாட்டிய அகலச் சக்கரம்

புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை அவன் மூளைக்குக் கெடுதல். எனக்கு ஆறே மாதத்தில் முற்றிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார், ஏற்காடு மலையடிவாரத்தில் குப்பனூரில் இருந்தார். அவருடைய செல்லம் ஒரு பழைய மோரிஸ் மைனர் கார். மாமியாருக்குப் பொறாமை வரும் அளவுக்கு அதைத் துடைப்பார்.

கொழுந்தியாள் ஸ்டெல்லாவுக்கு ஏற்காடு சர்ச்சில் கல்யாணம். மணப்பெண் போகவேண்டியது அந்தக் காரில். "சேலத்துல சர்வீஸ் மட்டும் பண்ணிட்டு வந்துருங்க மாப்ளே" என்றார் மாமனார். 'மட்டும்' என்ற சொல் என் காதில் விழவில்லை.

அந்தக் காரின் சக்கரங்கள் தையல் மிஷின் சக்கரம் மாதிரி ஒல்லியாக இருப்பதாக எனக்கு நெடுநாள் வருத்தம். பெரிதாக, அகலமாக நாலு சக்கரம் மாட்டச் சொன்னேன். மெக்கானிக் எதையோ தட்டி, எதையோ துளைத்து, மாட்டிவிட்டார்.

"ஏனுங்க, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா டயர் மட்கார்டுல உரசுமுங்க."

"முழுசா எங்கீங்க ஒடிக்கப்போறோம்?" என்றேன். (மறுநாள் காலை மலை ஏறவேண்டியவன் கேட்ட கேள்வி இது.) இடத்தை அடைக்கிறதே என்று ஸ்டெப்னியையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

மாமனார் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "தவக்களை மாதிரி நிக்குதுங்களே மாப்ளே" என்றார், மரியாதையாகவே. மாற்ற நேரமில்லை.

காலையில் நான் ஓட்ட, பக்கத்தில் மாமனார். பின்சீட்டில் இரண்டு கனத்த அத்தைகளுக்கு நடுவே ஸ்டெல்லா. முதல் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் பாதி திரும்பி, 'க்ரீச்' என்று நின்றது. கார் பள்ளத்தைப் பார்த்தது. ரிவர்ஸ் எடுத்தேன். இப்படி ஒரு வளைவுக்கு நாலு தடவை. பின்னால் போனால் அத்தைகள் "ஏசுவே!" என்றார்கள், முன்னால் வந்தால் "ஸ்தோத்திரம்!" என்றார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வந்தது.

மூன்றாவது வளைவில் கருகல் நாற்றம். அப்புறம் 'டமால்'. மட்கார்டு கிழிந்து, டயரையும் கிழித்திருந்தது.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "பொண்ணு பஸ்ல ஏறிக்கட்டுமுங்க. நேரமாச்சுங்களே."

ஸ்டெல்லா முகத்திரையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பூச்செண்டோடு படியேறினாள். மாமனாரும் அத்தைகளும் பின்னாலேயே ஏறினார்கள். பலாப்பழம் வைத்திருந்த ஒரு அம்மா, ஸ்டெல்லாவின் வெள்ளைச் சேலை அழுக்காகாமல் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். காருக்குக் காவல், நான்.

அந்த பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் சர்ச்சுக்கே போய் வாழ்த்திவிட்டுப் போனார்களாம். கல்யாண குரூப் போட்டோவில் கண்டக்டர் இருக்கிறார். நான் இல்லை.

சாயங்காலம் மாமனார் ஒரு ஜீப்பில் வந்தார். கிழிந்த மட்கார்டைத் தடவிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "உங்களுக்கு அடி ஒண்ணும் படலீங்களே?" என்று கேட்டு, பிரியாணிப் பொட்டலத்தை நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

நாற்பது வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், நான் கார் சாவியை எடுத்தால் போதும், ஸ்டெல்லா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொள்வாள்.

"நீங்க முன்னால போங்க மச்சான். நான் பஸ்ல வந்தர்றேன்."