விசாரணை அண்ணை இங்கிலீசு படித்த கதை

"பிரெஞ்சில வாய் திறக்கவே வெக்கப்படுற சனத்துக்கு இங்கிலீசோ? நடக்கிற காரியமாக் கதையும் பிள்ளை."

பாரிஸின் லா சப்பலில் நகைக்கடை வைத்திருந்த எங்கள் தமிழ் மன்றத் தலைவர் இப்படிச் சொன்னபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களைப் பத்து வயதிலிருந்து அப்பாவுக்கு வாசித்துச் சொன்னவள். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் வேறு படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்திருந்தேன்.

"நீங்கள் ஞாயிற்றுக்கிழமையில மன்றத்து மாடி அறையைத் தாங்கோ. நான் வகுப்பு நடத்திக் காட்டுறன்" என்றேன்.

அப்போது எனக்கு விசாரணை அண்ணையைத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பிரான்சில் அகதி விண்ணப்பம் போட்ட எல்லோரையும் அதிகாரிகள் விசாரித்திருக்கிறார்கள். அதிகாரியைத் திருப்பி விசாரித்துவிட்டு வந்த ஒரே மனிதர் இவர்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலமாக, "உங்களுக்கு எத்தனை பிள்ளையள்? ஒரு நாளைக்கு இப்பிடி எத்தனை பேரின்ரை கதையைக் கேக்கிறியள்? இரவில நித்திரை வருதோ?" என்று கேட்டாராம். அந்த அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாராம். அதனால்தான் அகதி கார்ட் கெதியாகக் கிடைத்தது என்று ஊர் சொல்லும். அண்ணை மறுப்பார். "அவ பதில் சொல்லேல்லை" என்பதுதான் அவருக்கு இன்றுவரை குறை.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கம் மீன் வெட்டுவது அவர் வேலை. என் அப்பாவின் வயது. ஆனாலும் லா சப்பலில் கடைக்குள் நிற்கிற ஆண்கள் எல்லோரும் அண்ணைதான். ஒரு கிலோ அறக்குளா கேட்டால் கத்தியை ஓங்குவார். ஓங்கிய கத்தி அப்படியே நிற்கும்.

"வீட்டில எத்தனை பேர்?"

"நாலு பேர் அண்ணை."

"பிறகேன் ஒரு கிலோ? ஆரும் வருகினமோ?"

"தங்கச்சியைப் பார்க்க வருகினம்."

"மாப்பிள்ளை எந்த ஊர்? என்ன வேலை? தங்கச்சிக்குப் பிடிச்சிருக்கோ?"

கடைசிக் கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் கத்தி இறங்கும். அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். அவசரமில்லாதவர்களுக்கு மீனோடு ஒரு முடிவும் கிடைத்தது. இரண்டு கலியாணங்கள் அந்த மீன் வெட்டும் பலகைக்கு முன்னால் நின்றுபோயின என்றும், ஒன்று அங்கேதான் நிச்சயமானது என்றும் சொல்வார்கள்.

முதல் வகுப்புக்குப் பதினாலு பேர் வந்தார்கள். லண்டன் மச்சான்மார் போனில் தங்கள் இங்கிலீசைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று முகத்தைத் தூக்கிவைத்திருந்த பிள்ளைகள் பாதி. லண்டன் கலியாண வீடுகளில் மூலையில் உட்கார்ந்து வந்த தாய்மார் மீதி. கடைசியாக, றப்பர் பூட்ஸோடு விசாரணை அண்ணை.

"அண்ணை, உங்களுக்கு லண்டனில ஆரும் இருக்கினமோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் இங்கிலீசு?"

"பிரெஞ்சில கேக்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிச்சிட்டன்."

என் வகுப்பு கண்டிப்பானது. முதல் நாளே பலகையில் ஒரு பட்டியல் எழுதிப்போட்டேன். ஆங்கிலேயரிடம் கேட்கக்கூடாதவை: வயது, சம்பளம், கலியாணமாகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, பிள்ளை ஏன் இல்லை, போட்டிருக்கிற கோட் என்ன விலை. கேட்கக்கூடியது: வெதர்.

அண்ணை பட்டியலைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு கை தூக்கினார்.

"வெதர் அவைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெரியாததை அல்லோ கேக்க வேணும்?"

"அது அவையின்ரை பழக்கம் அண்ணை."

"உமக்கு ஆர் சொன்னது?"

"புத்தகத்தில இருக்கு."

"புத்தகம் எழுதினவருக்கு ஆர் சொன்னது?"

பிள்ளைகள் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தார்கள். ஆரபி என்ற ஒன்பது வயதுக்காரி மட்டும் பிரெஞ்சில், "அவர் சொல்றது சரிதானே மிஸ்" என்றாள். அன்று வகுப்பு பத்து நிமிடம் முன்னதாக முடிந்தது.

அடுத்த மாதம் அவர் தன் சொந்தச் செலவில் செய்முறைப் பயிற்சியைத் தொடங்கினார். கார் து நோர் ரயில் நிலையம் எங்களுக்குப் பத்து நிமிட நடை. லண்டன் ரயில் அங்கேதான் வந்து நிற்கும். வேலை முடிந்ததும் அண்ணை கையில் வடைப் பொதியோடு வாசலில் போய் நிற்பார். இறங்கி வருகிறவர்களைப் பார்த்து, "ஹலோ! யூ ஈட்?" என்பார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்காமல் ஒருவரோடு எப்படிக் கதையைத் தொடங்குவது? பெரும்பாலானோர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள். ஒருநாள் ரோந்து வந்த மூன்று படையினர் அவரை மறித்தார்கள். அவர் யாரென்று உறுதிப்படுத்த வரச்சொல்லி எனக்குப் போன் வந்தது. நான் மூச்சிரைக்க ஓடிப்போனால், அங்கே மூவரில் இளையவன் தன் அம்மாவின் படத்தைப் போனில் காட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் வடை தின்றுகொண்டிருந்தான்.

"பாவம் பிள்ளை, சப்பாத்துக் காலைக் கடிக்குதாம். ஒருத்தரும் கேக்கேல்லையாம்" என்றார் அண்ணை.

வசந்தம் வந்தபோது தலைவரும் வந்தார். நடன ஆசிரியை ஒருவர் அதே அறையை அதே நேரத்துக்குக் கேட்டிருந்தார்.

"ஜூனில மன்றத்தின்ரை விடுமுறைக் கூட்டம் வருதெல்லோ பிள்ளை. உம்மடை ஆக்கள் சபைக்கு முன்னாலை ஒரு உண்மையான ஆங்கிலேயரோடை கால் மணித்தியாலம் கதைக்கட்டும். கதைச்சால் அறை உமக்கு. இல்லையெண்டால் சலங்கைக்கு."

நான் ஒப்புக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் எனக்குப் படிப்பித்த ஆங்கிலேயர் ஒருவர் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் கேள்விகளைப் பாடமாக்கினேன். பாரிஸ் பிடித்திருக்கிறதா? வெதர் எப்படி? அண்ணைக்கும் ஒன்று கொடுத்தேன்: தேநீர் விருப்பமா, கோப்பி விருப்பமா?

கூட்டம் ஐந்து மணிக்கு. நாலு மணிக்கு ஆசிரியரிடமிருந்து செய்தி வந்தது: காய்ச்சல், மன்னிக்கவும்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே கதிரைகள் அடுக்கும் சத்தம் கேட்டது. தலைவருக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். விசாரணை அண்ணை கலியாணக் கோட் சூட்டோடு வந்து நின்றார். கைவிளிம்பில் ஒரு மீன் செதில் மினுங்கியது.

"எழும்பும். போய் ஒராளைக் கூட்டிக்கொண்டு வருவம்."

"எங்கையிருந்து அண்ணை?"

"உங்கை ரயில் ரயிலா வந்து இறங்குகினமே. ஒண்டு எடுத்தாக் குறையுமோ?"

வேறு வழி இல்லாததால் போனேன். நிலையத்தில் கூட்டம் எங்களைக் கடந்து ஓடியது. ஒரு பெரிய பெட்டியின் மேல் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, முதல்ல வெதர். தயவுசெய்து வெதர்" என்று காதுக்குள் கெஞ்சினேன்.

அவர் குனிந்து வணக்கம் சொன்னார். "மேடம், யூ ஈட்?"

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்றார்.

"விச் வில்லேஜ்?"

கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், சொன்னாலும் தெரியாது என்றார். அண்ணை விடவில்லை. அந்தக் கடலில் என்ன மீன் பிடிபடும், பெரியதா சின்னதா, முள் கூடவா என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் எங்களுக்குத் தெரிந்தது: பெயர் பிரெண்டா, முப்பது வருடம் வீடுவீடாகக் கடிதம் கொடுத்தவர், தெற்கே தங்கையிடம் போகிறார், அடுத்த ரயில் எட்டு மணிக்கு. ஏழாவது நிமிடத்தில் அண்ணை அவருடைய பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பிரெண்டா பின்னால் வந்தார். நான் இருவருக்கும் பின்னால் ஓடினேன்.

சபை நிறைந்திருந்தது. என் பிள்ளைகள் வரிசையாக எழுந்து பாடமாக்கியதைக் கேட்டார்கள். பிரெண்டா அழகாகப் பதில் சொன்னார். பாரிஸ் பிடிக்கும். வெதர் பரவாயில்லை. தேநீர்தான். எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிந்துபோயிற்று. தாய்மார் சேலைத் தலைப்பைப் பார்த்தார்கள். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கதவருகில் நின்ற நடன ஆசிரியையும் அதையே பார்த்தார்.

அண்ணை எழுந்தார்.

"மேடம், வை யூ கம் அலோன்? வேர் ஹஸ்பண்ட்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிரெண்டாவின் குரல் கேட்டது. கணவர் இறந்து இரண்டு வருடம். ஊரில் எல்லோரும் நல்லவர்கள். எதிரே வந்தால் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அவரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

கண்ணைத் திறந்தபோது, ஆறு மாதமாக என் வகுப்பில் வாய் திறக்காத செல்வியக்கா எழுந்து நின்றார். "வாட் சிக்னெஸ்?" அடுத்தவர், "ஹூ குக் ஃபார் யூ நவ்?" பின்வரிசையிலிருந்து, "பென்சன் கமிங்?" பிள்ளைகள் மேசைக்கு முன்னால் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். கடிதம் கொடுக்கும்போது நாய் கடித்ததா? எத்தனை நாய்? எந்தக் காலில்? நான் எழுதிப்போட்ட பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் வரிசை தவறாமல் கேட்கப்பட்டது. இலக்கணம் நொண்டியது. ஆனாலும் பிரெண்டாவுக்கு எல்லாம் விளங்கியது. அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், காற்சட்டையை உயர்த்தி நாய் கடித்த தழும்பைக் காட்டினார். அரை மணித்தியாலம் கழிந்தபோது தலைவர் பொறுக்க முடியாமல் முன்னால் சாய்ந்தார்.

"மேடம், யுவர் செயின்... ஹவ் மெனி கிராம்?"

சபை கூரை அதிரச் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

ரோலும் வடையும் வந்தன. தட்டைக் கையில் வாங்கிய பிரெண்டா, அண்ணையைப் பார்த்து ஒன்று கேட்டார்: உங்களுக்கு யார் சமைக்கிறார்கள்?

விசாரணை அண்ணை கோட்டின் பொத்தானைத் திருகினார். லா சப்பலில் அவரிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்டதில்லை. கேள்வி எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்ததால் திருப்பிக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மீ" என்றார் கடைசியில். "ஒன்லி மீ." பிறகு, ஏதோ தவறு செய்துவிட்டவர்போல, "பட் குட் ஃபிஷ்" என்று சேர்த்தார்.

பிரெண்டாவை ரயிலேற்ற இருபத்தொரு பேர் போனோம். திரும்பி வந்தபோது தலைவர் அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "வைச்சிருங்கோ ரீச்சர்" என்று மட்டும் சொன்னார். நடன வகுப்பு சனிக்கிழமைக்குப் போனது. பலகையிலிருந்த பட்டியலை நான் அன்றே அழித்தேன்.

இரண்டு வருடம் அண்ணை ஒரு ஞாயிறும் தவறவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவருக்குப் பாரிஸுக்கு வெளியே சார்செலில் அரசாங்க வீடு கிடைத்தது. பக்கத்திலேயே பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை; நடுச்சாமத்திலேயே போக வேண்டும், அதனால் ஞாயிறு மாலை வகுப்புக்கு வந்துபோக நேரமில்லை. "நீர் நடத்தும் பிள்ளை, நான் அங்கை ஆரையும் பிடிச்சுக் கதைப்பன்" என்றார். அந்தத் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்குக் காது கேட்காதாம், யாரும் பேசுவதில்லையாம். இதை அவராகச் சொல்லவில்லை; நான் கேட்டேன். பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

சார்செலில் ஒரு கூட்ட மண்டபத்துக்கு விண்ணப்பம் போட்டேன். ஏன் இந்த இடம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. இங்கே தமிழ்க் குடும்பங்கள் பல, பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஆங்கிலம் பேசிப் பழக இடமில்லை என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் அவ்வளவு பேருக்காகவும் நான் ரயில் ஏறியிருப்பேனா என்பது சந்தேகம்.

சனிக்கிழமை பத்தரைக்கு முதல் வகுப்பு. அது அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து தேநீர் குடித்து முடிக்கிற நேரம். மண்டபச் சாவியை நேற்றே வாங்கிவிட்டேன்.